பெருஞ்சூறாவளியில் உயிர் பிழைத்த குழந்தையைத் தேற்றுவது எப்படி?

காற்று ஓய்ந்து பெரியவர்கள் மூச்சுவிடும் வேளையில்தான் பல குழந்தைகளிடம் பயம் வெளிப்படத் தொடங்குகிறது. சூறாவளியின் கண் எனப்படும் நடுப்பகுதி ஊரைக் கடக்கும்போது காற்று அடங்கி, சில வேளைகளில் வானம்கூடத் தெளியும். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் காற்று வந்து அறையும். அதை அனுபவித்த குழந்தை அமைதியை எளிதில் நம்பாது. எனவே, "இனிமேல் புயலே வராது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து வலுப்பெறும் சூறாவளி நிலத்தின் மேல் வந்ததும் வலுவிழந்துவிடும் என்பதையும், அடுத்த முறை எச்சரிக்கை வந்தால் எல்லோரும் எங்கே போவோம் என்பதையும் எளிமையாகச் சொல்லுங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். கூரை பறந்ததைப் பற்றி வாயே திறக்காத குழந்தை, தண்ணீரில் போன ஒற்றைச் செருப்பைப் பற்றியே நாள் முழுக்கப் பேசக்கூடும்; அந்தச் செருப்பைப் பற்றியே நீங்களும் பேசுங்கள். கட்டைகளை வீடாக அடுக்கி, ஊதித் தள்ளி, மறுபடியும் அடுக்கும் விளையாட்டையும் தடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வீடு இடிவதோடு ஆட்டம் முடிந்து, குழந்தை மேலும் பதற்றமடைந்தால் மட்டும், "உள்ளே இருந்தவர்களை யார் வந்து காப்பாற்றினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

படுக்கையை நனைப்பதும், விட்டுவிட்ட விரல் சூப்பும் பழக்கம் திரும்புவதும் புயலுக்குப் பிந்திய நாட்களில் இயல்பானவை. திட்டாமல் விரிப்பை மாற்றினால் போதும். சேதக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டும்போது, மீண்டும் புயல் அடிக்கிறது என்றே சிறு குழந்தைகள் எண்ணிவிடுவதுண்டு. ஆகவே செய்தியைப் பெரியவர்கள் தனியே பார்ப்பது நல்லது.

பிரிவைப் பற்றிய அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா, ரீட்டா சூறாவளிகளுக்குப் பின் 5,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் காணவில்லை என்றோ குடும்பத்தைப் பிரிந்துவிட்டார்கள் என்றோ பதிவாயின; அனைவரையும் கண்டறிந்து முடிக்கப் பல மாதங்கள் ஆயின. நிவாரண முகாமில் இருக்கும்வரை, குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய சீட்டு அதன் சட்டைப்பையில் இருக்கட்டும். தண்ணீர் பிடிக்கப் போவதானாலும் சொல்லிவிட்டே போங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

பள்ளி திறந்ததும் அனுப்பிவிடலாம். பலத்த காற்றோ கதவு அறையும் ஓசையோ குழந்தையைக் கலங்கடிக்கும் என்பதை ஆசிரியரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். 1992இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பின் பள்ளிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், பெரும்பாலோரிடம் அறிகுறிகள் காலப்போக்கில் தணிந்ததையும், ஒரு பகுதியினரிடம் 10 மாதங்களுக்குப் பிறகும் நீடித்ததையும் கண்டனர். ஆகையால், கெட்ட கனவு, தூக்கமின்மை, பெற்றோரை விட்டு விலக மறுத்தல் போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் மனநல நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவதைப் பற்றிக் குழந்தை பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.