மக்காச்சோளத் திடல் போடப் போகிறவர்களுக்கு: சியாயாவில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

நீள மழை என்று இங்கே சொல்லும் பெரிய மழைப்பருவம் இறங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மேற்குக் கென்யாவின் சியாயா கவுண்டியில் இந்தப் பருவத்துக்கு ஆய்வுத் திடல் போட வந்திருக்கும் நான்கு பிள்ளைகளுடன் மூன்று நாளாக வயல் வயலாக நடக்கிறேன். நால்வரும் கெட்டிக்காரர்கள், வெயிலுக்குச் சலிக்காதவர்கள். ஆனால் நான் வந்த புதிதில் எங்கெல்லாம் சறுக்கினேனோ, சரியாக அங்கேயே அவர்களும் கால் வைக்கிறார்கள்.

கயிறு பிடிக்காமல் நடுவது, திடலுக்கு அடையாளக் குச்சி ஊன்ற மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு பருவம் பட்டால் தானாகத் திருந்திவிடும். தானாகத் திருந்தாதவை சில இருக்கின்றன.

நல்ல மண்ணைப் புது முறைக்குக் கொடுப்பது

முதல் வருடம் நாங்கள் போட்டது மிக எளிய சோதனை. ஒவ்வொரு வீட்டிலும் 10 மீட்டருக்கு 10 மீட்டர் அளவில் இரண்டு திடல். இரண்டிலும் ஒரே வீரிய விதை, 75 செ.மீ. வரிசை, 25 செ.மீ. இடைவெளி. ஒன்றுக்கு அடியுரமாக டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும் உள்ள உரம்), முழங்கால் உயரம் வந்ததும் மேலுரமாக சிஏஎன் என்ற தழைச்சத்து உரம். மற்றதற்கு ஒன்றும் கிடையாது. எது எங்கே என்பதை வீட்டுக்காரர்களிடமே விட்டோம். அவர்கள் நிலம், அவர்கள் முடிவு. அதுதான் மரியாதை என்று நினைத்தோம்.

வந்த விருந்தாளிக்கு நல்ல பாயை எடுத்து விரிப்பார்கள் இல்லையா, அப்படித்தான் நடந்தது. உரத் திடலுக்கு வீட்டை ஒட்டிய மண்ணைக் கொடுத்தார்கள். உரமில்லாத திடல் கொல்லைக் கடைசிக்குப் போனது. அறுவடையில் உரத் திடல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தது. சந்தோஷமாக அறிக்கை எழுதினேன், ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசவும் செய்தேன்.

அடுத்த பருவம் சில குடும்பங்கள் என் பேச்சை நம்பிச் சொந்தக் காசில் உரம் வாங்கித் தூர வயலில் போட்டார்கள். பயிர் ஏறவே இல்லை. 50 கிலோ மூட்டைக்காக ஒரு அம்மா ஆட்டை விற்றிருந்தார். கோபப்படவில்லை. என்னை வீட்டுப் பின்புறம் கூட்டிப்போய், முதல் வருடம் உரத் திடல் இருந்த இடத்தைக் காட்டினார்.

"இங்கேதான் மகனே, என் மாமனாரோட மாட்டுப்பட்டி இருந்தது. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ஜெம்பே என்ற இந்த ஊர் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினேன். கறுப்பு மண், கையில் பொலபொலவென்று உதிர்ந்தது, நடுவில் கரித்துண்டும் பானை ஓடும். அங்கிருந்து எண்பது அடி நடந்து தூர வயலில் கொத்தினால் மண்வெட்டி திரும்பித் தெறிக்கிறது. வெளிறிய சிவப்பு, ஒரு மண்புழு இல்லை.

இந்தப் பக்கம் ஒரே குடும்பத்தின் ஒன்றிரண்டு ஏக்கருக்குள்ளேயே மண் இவ்வளவு மாறும். சாணமும் அடுப்புச் சாம்பலும் சமையல் கழிவும் தலைமுறை தலைமுறையாக வீட்டைச் சுற்றியே விழுகின்றன. தூர வயலிலிருந்து கதிரும் தட்டையும் வெளியே வருகின்றன, திரும்ப ஒன்றும் போவதில்லை. வீட்டோர மண்ணில் பயிருக்கு வேண்டியது ஏற்கெனவே இருப்பதால் உரம் கூடுதலாகச் செய்வது கொஞ்சம்தான். மிகவும் ஓய்ந்த மண்ணில் கரிமச்சத்து போய்விட்டது; புளித்த, அதாவது அமிலமேறிய மண் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; அங்கேயும் உரம் வேலை செய்யாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மண்தான் போட்ட உரத்துக்குப் பதில் சொல்லும். நாங்கள் அந்த வருடம் அளந்தது மாமனார் காலத்துச் சாணத்தை. அதற்கு டிஏபி என்று பெயர் வைத்தோம்.

சரி, எப்படிப் போட வேண்டும்? அளவு நாடாவை எடுப்பதற்கு முன் வீட்டுக்காரருடன் நிலம் முழுக்க நடங்கள். பழைய வீடு எங்கே இருந்தது, மாட்டுப்பட்டி எங்கே, குப்பை எங்கே கொட்டினீர்கள் என்று கேளுங்கள். கைவிடப்பட்ட பழைய குடியிருப்பு இடத்தை இங்கே பேசும் லுவோ மொழியில் குண்டா என்பார்கள். அது எங்கே என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ஒரே மாதிரி மண்ணில் இரண்டு திடலையும் பக்கத்தில் பக்கத்தில், சரிவுக்குக் குறுக்கே வையுங்கள். மேலும் கீழுமாக வைத்தால் ஒரு பெருமழையில் மேல் திடலின் உரம் கீழ்த் திடலுக்கு இறங்கிவிடும்.

எது எந்தத் திடல் என்பதை நாணயம் முடிவு செய்யட்டும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1920களிலேயே இதை வலியுறுத்திவிட்டார். நான் வீட்டுப் பிள்ளையிடம் 20 ஷில்லிங் நாணயத்தைக் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் சுண்டச் சொல்கிறேன். விழுந்த பிறகு மாற்றுவதில்லை. முதலிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டால் யாரும் மனம் கோணுவதில்லை. சீட்டுப் போட்டுப் பங்கு பிரிப்பது எல்லோருக்கும் புரிகிற நியாயம்தானே.

வளமான மண், நடுத்தரம், ஓய்ந்தது என மூன்று வகையிலும் வீடுகளைத் தேடிப் பிடியுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே சராசரி எழுதாதீர்கள். அந்தச் சராசரி எந்த வீட்டு வயலிலும் விளையாது.

இத்தனை வருடத்துக்குப் பிறகும், வருகிறவர்கள் பார்க்க வசதியாகச் சாலையோர நல்ல மண்ணில் உரத் திடலை வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் திடலை நம்பி யாரோ ஒருவர் ஆட்டை விற்பார்.

கயோங்கோவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுதாமல் விடுவது

நம் ஊரில் சோளக்காட்டிலும் கரும்பிலும் வரும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் உறவுதான் இங்கே கயோங்கோ. ஊதாப் பூவோடு அழகாக நிற்கும், ஆனால் வேரோடு வேராக ஒட்டி மக்காச்சோளத்தை உறிஞ்சிவிடும். ஒரே செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும், அவை மண்ணில் பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். நம் கண்ணுக்கு வெளியே தெரிவதற்கு முன்பே சேதத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கும். வயலில் சமமாகவும் பரவியிருக்காது, திட்டுத்திட்டாக வரும். அதனால் பூப்பதற்கு முன் பிடுங்குங்கள், பிடுங்கும்போதே திடல்வாரியாக எண்ணி எழுதுங்கள். எண்ணாவிட்டால், உரம் போட்டும் ஏன் விளையவில்லை என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

பீன்ஸை மறப்பது

இங்கே பெண்கள் மக்காச்சோளத்துக்கு நடுவே பீன்ஸ் போடுவார்கள். உங்கள் திடலில் தனி மக்காச்சோளம், அவர்கள் திடலில் இரண்டும் என்றால், பீன்ஸையும் நிறுத்துக் கணக்கில் சேருங்கள். வீட்டுக் குழம்பு அதில்தான் இருக்கிறது.

பச்சைக் கதிர்

ஓரச் செடிகளுக்கு வெயில் அதிகம், கதிரும் பெருக்கும். அதனால் ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடுவில் மட்டும் அறுப்போம். எங்கள் அறுவடைப் பரப்பு 3 மீட்டருக்கு 5 மீட்டர், 15 சதுர மீட்டர். இதை ஹெக்டேருக்குப் பெருக்கும்போது ஒவ்வொரு கிலோவும் 667 கிலோவாகிறது. ஒரு கதிரில் 150 கிராம் மணி என்று வைத்தால், ஒரு கதிர் காணாமல் போனால் ஹெக்டேருக்கு 100 கிலோ காணோம்.

ஜூனில் பசி அதிகமான வாரங்களில் பிள்ளைகள் கதிர் சுட்டுத் தின்பார்கள். அது அவர்கள் சோளம், தடுக்க நமக்கு உரிமை இல்லை. பறித்த ஒவ்வொரு கதிருக்கும் ஒரு கூழாங்கல்லை டப்பாவில் போடச் சொல்லியிருக்கிறேன். ஒரு வீட்டுச் சின்னப் பெண் போன வருடம் முப்பத்தொரு கல்லைத் தாவணி முனையில் முடிந்துவைப்பது போலத் துணியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டுக் கணக்குதான் எனக்கு மிகச் சரியாக அமைந்தது.

ஈரப்பதம்

அறுத்த மணியின் ஈரத்தை அளந்து எழுதுங்கள். 25 சதவீத ஈரத்தில் 10 கிலோ இருப்பது, 12.5க்குக் காய்ந்தால் 8.6 கிலோதான்.

ரைசோபியம்

பீன்ஸ் விதையில் கலக்கும் இந்த நுண்ணுயிர் உரம் உயிருள்ளது. வெயிலில் வைக்காதீர்கள்.

மழைமானி

ஊருக்கு ஒன்று போதாது.

முடிவைச் சொல்லாமல் போவது

டன், ஹெக்டேர் என்று சொன்னால் முற்றத்தில் யாருக்கும் பயனில்லை. சந்தையில் மக்காச்சோளம் அளக்கும் கோரோகோரோ டப்பா இரண்டு கிலோ அளவு பிடிக்கும். கூடுதலாக எத்தனை கோரோகோரோ விளைந்தது, உரச் செலவுக்கு அதில் எத்தனை விற்க வேண்டும் என்று அந்த டப்பாவை வைத்துக்கொண்டே சொல்லுங்கள். விளையவில்லை என்றால் அதையும் அதே முற்றத்தில் சொல்லுங்கள்.

புதுப் பிள்ளைகள் பன்னிரண்டு வீட்டில் திடல் குறித்திருக்கிறார்கள். ஐந்து வீட்டில் உரத் திடல் மாட்டுப்பட்டிப் பக்கம் விழுந்திருக்கிறது. நாளைக் காலையில் அந்த ஐந்துக்கும் மறுபடி போகிறோம், நாணயத்தோடு. விதை இன்னும் மூட்டையில்தான் இருக்கிறது.