வெள்ளைச் சேட்டில் தெறி நிற்காமல் போனால்

பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டில் இரண்டாவது தெறி மூன்று தரம் தைத்தும் கழன்று விழுந்தது. பிழை நூலில் இல்லை, இறுக்கித் தைத்ததில்தான். தெறி துணியோடு ஒட்டிக் கிடந்தால் தெறி ஓட்டைப் பக்கத் துணி இருக்க இடமில்லை; பூட்டும்போதெல்லாம் நூல் இழுபட்டுத் தேயும்.

இழுத்து இழுத்துத் துணியும் பிய்ந்திருந்தது. அதற்கு உள்பக்கம் பழைய வெள்ளைச் சேட்டில் வெட்டின 2 சென்ரிமீற்றர் சதுரத் துண்டை வைத்தேன். சாரத் துண்டு வேண்டாம், தோய்க்கச் சாயம் இறங்கும்.

ஒரு முழ நூல் இரட்டையாய் வரும்படி ஊசியில் கோர்த்தால் காணும். நீளமாய் எடுத்தால் சிக்குப்படும். பொலியெஸ்ரர் நூல்தான் நல்லது. முடிச்சைத் தெறிக்கு அடியில் மறைத்து, தெறியின் மேல் ஒரு நெருப்புக்குச்சியைக் கிடையாய் வைத்து, அதற்கு மேலால் நூலை விட்டு ஒவ்வொரு சோடித் துளையிலும் மூன்று தரம் தைக்க வேண்டும். பிறகு குச்சியை உருவித் தெறியை மேலே இழுத்தால் அடியில் இடைவெளி தெரியும். ஊசியைத் துணிக்கும் தெறிக்கும் நடுவே எடுத்து, அந்த நூல் தண்டை ஐந்து சுற்றுச் சுற்றி, உள்பக்கம் இரண்டு முடிச்சு. நூலை முடிச்சோடு ஒட்ட வெட்டக்கூடாது, அவிழ்ந்துவிடும். 3 மில்லிமீற்றர் விடுங்கோ.

நெருப்புக்குச்சிக்குப் பதிலாய் தென்னோலை ஈர்க்கையும் வைத்துப் பார்த்தேன். மெல்லிசு, இடைவெளி காணாது.