கற்பனைகளைக் கைக்கொள்வதில் நாம் செய்யும் தவறுகள்

திடப்படுத்தல் வகுப்பில் ஒரு பையன் என்னிடம், "கற்பனை என்றால் மனதில் கதை கட்டுவதுதானே ஐயா, அதை எப்படிக் கைக்கொள்வது?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கேள்வி நியாயமாகவே பட்டது. "கர்த்தர் மோசேக்குக் கற்பித்தபடியே" என்னும் பழைய வேதாகமத் தமிழில் கற்பித்தல் என்றால் கட்டளையிடுதல். கற்பனை என்றால் கட்டளை. இன்றைய பேச்சில் அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. கத்தோலிக்கச் சபையார் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே கற்பனை கட்டளையாகவும், நியாயப்பிரமாணம் திருச்சட்டமாகவும் இருக்கின்றன.

கிறிஸ்தவர்கள் தேவனுடைய கட்டளைகளை இன்னும் கைக்கொள்ள வேண்டுமா என்ற விவாதத்தில் முதல் தவறு இந்தச் சொற்களிலேயே நேர்ந்துவிடுகிறது. நியாயப்பிரமாணம் என்ற சொல் எங்கே வந்தாலும் அதற்கு ஒரே பொருள்தான் என்று எண்ணிக்கொண்டு வாசிக்கிறோம். ரோமர் 3:21ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். நியாயப்பிரமாணம் இல்லாமல் தேவநீதி வெளியாக்கப்பட்டது என்று தொடங்கும் அந்த வசனம், அதைக்குறித்து நியாயப்பிரமாணமே சாட்சியிடுகிறது என்று முடிகிறது. முதலில் வருவது மனிதன் தன் கீழ்ப்படிதலால் நீதிமானாகத் தேடும் வழியைக் குறிக்கிறது; அடுத்து வருவது மோசேயின் ஐந்து ஆகமங்களைக் குறிக்கிறது. பவுல் ஒரே வசனத்துக்குள் இரண்டு பொருளில் ஆளும் சொல்லை நாம் ஒரே பொருளில் பிடித்துக்கொண்டால், பிறகு எத்தனை வசனங்களை எடுத்துக்காட்டினாலும் பேச்சு ஒரு முடிவுக்கும் வராது.

அடுத்தது, பாதி வசனத்தில் நிறுத்திக்கொள்வது. "நாங்கள் கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள்" என்று சொல்லுகிறவர்கள் ரோமர் 6:14ஐக் காட்டுகிறார்கள். அதை அடுத்து வரும் 15ஆம் வசனத்தில், அப்படியானால் பாவஞ்செய்யலாமா என்று பவுல் தானே கேட்டு, "கூடாதே" என்று பதிலும் சொல்லிவிடுகிறார். நம்முடைய கேள்வி அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கொலோசெயர் 2:14இல் சிலுவையின்மேல் ஆணியடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் "கையெழுத்து" பத்துக் கட்டளைகள்தான் என்று பிரசங்கிக்கப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அங்கே வரும் கிரேக்கச் சொல், கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் சீட்டைக் குறிப்பது. நம் ஊர் வழக்கில் புரோநோட்டு. கட்டளையை மீறியதனால் நம்மேல் ஏறிய கடனுக்கு எழுதப்பட்ட பத்திரம் அங்கே ரத்தாகிறது. புரோநோட்டு கிழிக்கப்பட்டதனால் களவு குற்றமில்லை என்று ஆகிவிடாது.

கட்டளைகளே வேண்டாம் என்னும் இந்தப் பக்கத்துத் தவறு புதியதன்று. ஏறக்குறைய 144ஆம் ஆண்டில் ரோமாபுரிச் சபையை விட்டு வெளியேற்றப்பட்ட மார்சியோன் பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட்டார். சீர்திருத்தக் காலத்தில் லூத்தரின் உடனூழியர்களில் ஒருவரான அகிரிகோலா, மனந்திரும்புதலைப் போதிப்பதற்குச் சுவிசேஷமே போதும், நியாயப்பிரமாணம் சபைக்குள் வேண்டியதில்லை என்று வாதிட்டபோது, லூத்தர் 1537 முதல் அவரைக் கடுமையாக எதிர்த்தார். கிருபையினாலே இரட்சிப்பு என்பதை அவ்வளவு உரக்கச் சொன்ன லூத்தர், 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்னும் போதனை நூலைப் பத்துக் கட்டளைகளோடுதான் தொடங்கினார்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. என் பார்வையில் நம் சபைகளில் அதுவே அதிகம். கட்டளைகளை ஏணியாக்கி, ஒவ்வொரு படியாக ஏறினால் தேவன் நம்மை ஏற்றுக்கொள்வார் என்று நினைப்பது அது. இப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தக் கட்டளையை மீறினோம் என்று கணக்குப் பார்க்கும்போது அது வெளிப்பட்டுவிடுகிறது. இவர்கள் யாத்திராகமம் 20ஐ மூன்றாம் வசனத்திலிருந்து வாசிக்கிறவர்கள். இரண்டாம் வசனத்தில் கட்டளை எதுவும் இல்லை. உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே என்ற அறிவிப்புதான் இருக்கிறது. யூதர்கள் பத்து வார்த்தைகளில் முதலாவதாக எண்ணுவதும் அதையே. பஸ்கா 12ஆம் அதிகாரத்திலும், சமுத்திரத்தைக் கடந்தது 14ஆம் அதிகாரத்திலும் நடந்து முடிந்துவிட்டன. கட்டளைகள் அதன் பிறகே வருகின்றன. இவைகளைக் கைக்கொண்டால் உங்களை எகிப்திலிருந்து விடுவிப்பேன் என்று எகிப்தில் வைத்து யாரும் அவர்களிடம் பேரம் பேசவில்லை. எபேசியர் 2:8, 9ஐ மனப்பாடமாய்ச் சொல்லும் நமக்கு, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்னும் 10ஆம் வசனமும் அதே மூச்சில் வரவேண்டும்.

இந்த வரிசையை அழகாகக் காத்துவைத்திருப்பது பழைய ஆங்கிலிக்கன் ஜெப புத்தகம். 1552ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் திருவிருந்து ஆராதனையின் தொடக்கத்தில் பத்துக் கட்டளைகளை வாசிக்கும் முறை வந்தது. குருவானவர் ஒவ்வொரு கட்டளையையும் வாசித்து முடித்தவுடன், சபையார் தங்களுக்கு இரங்கும்படியும் அந்தக் கட்டளையைக் கைக்கொள்ளத் தங்கள் இருதயத்தை ஏவும்படியும் ஆண்டவரைக் கேட்கிறார்கள். மன்னிப்பும் பெலனும் ஒரே வாக்கியத்தில் கேட்கப்படுகின்றன. என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் இந்தப் பதிலை மட்டும் முழங்காலில் நின்று தவறாமல் சொல்லுவார்.

இனி, எல்லாக் கட்டளைகளையும் ஒரே தட்டில் வைக்கும் தவறு. இதற்கு லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் இல்லை. உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனில் அன்புகூருவாயாக என்பது அங்கே 18ஆம் வசனம். இரண்டு வகை நூல் கலந்த ஆடையை உடுத்தாதே என்பது அதற்கு அடுத்த வசனம். தாடியின் ஓரங்களைக் கத்தரிக்காதே என்பதும், உடம்பில் எழுத்துகளைக் குத்திக்கொள்ளாதே என்பதும் அதே பக்கத்தில் இருக்கின்றன. பச்சை குத்திய இளைஞனைக் கண்டிக்க 28ஆம் வசனத்தை எடுக்கும் மூப்பர், பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த சட்டையைப் போட்டுக்கொண்டும், முந்தைய வசனம் விலக்கிய விதமாய்த் தாடியை ஒழுங்குபடுத்திக்கொண்டும்தான் பேசுகிறார். கையில் அகப்பட்ட கட்டளையைப் பிறர்மேல் மட்டும் செலுத்துவதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயரில்லை.

ஒழுக்கம், சடங்கு, இஸ்ரவேலின் ஆட்சி என்று கட்டளைகளை மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் இடைக்கால இறையியலாளரான தாமஸ் அக்குவினாவிடம் தெளிவாகக் காணப்படுகிறது. 1640களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் அதைப் பின்பற்றுகிறது. பலிகளும் சுத்திகரிப்புகளும் கிறிஸ்துவில் நிறைவேறின, ஒழுக்கக் கட்டளைகள் நிலைத்திருக்கின்றன என்பது அதன் சாரம். பவுல் 1 கொரிந்தியர் 7:19இல் விருத்தசேதனம் ஒன்றுமில்லை, தேவனுடைய கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறதே காரியம் என்று எழுதும்போது இப்படி ஏதோ ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் விருத்தசேதனமும் ஒரு கட்டளைதான். அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடிய சபையும் புறஜாதியார்மேல் அந்த நுகத்தைச் சுமத்தவில்லை. ஆயினும் இந்த மூன்று பெட்டிகளும் மோசேயின் புத்தகத்திலேயே இப்படிப் பெயரிட்டு வைக்கப்பட்டவையல்ல என்பதை மறக்கக்கூடாது. பத்துக் கட்டளைகளுக்கு வெளியே இருப்பதெல்லாம் முடிந்துபோனது என்று தள்ளிவிட்டால், கூலிக்காரனுடைய கூலியை விடியுமட்டும் உன்னிடத்தில் வைத்திருக்காதே என்னும் லேவியராகமம் 19:13உம் போய்விடும். யாக்கோபு அதைப் போகவிடவில்லை. வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று ஐந்தாம் அதிகாரத்தில் ஐசுவரியவான்களிடம் அவர் சொல்லும்போது பின்னால் கேட்பது இந்தக் குரல்தான்.

வசதிக்கேற்பப் பிரித்துக்கொள்வதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். நியாயப்பிரமாணம் முடிந்தது என்று போதிக்கும் மேடையிலிருந்தே, மல்கியா 3:10ஐக் காட்டித் தசமபாகம் கண்டிப்பாகக் கேட்கப்படுகிறது. உபாகமம் 14இன் தசமபாகத்தைக் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும். மூன்றாம் வருஷத்தில் அது லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது. அந்த அதிகாரத்தில் நான் இதுவரை ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. மற்றொன்று ஓய்வுநாள். நாம் ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிவிட்டதால், கட்டளை குறிப்பிடும் ஏழாம் நாள் சனிக்கிழமை என்பதே பலருக்கு மறந்துவிட்டது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் அதை நினைப்பூட்டும்போது, ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தீன் 321இல் நாளை மாற்றிவிட்டார் என்ற பேச்சும் எழுகிறது. அவர் ஞாயிறை அரசு விடுமுறையாக்கியது உண்மை. ஆனால் கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடியதை அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கிறிஸ்தவ எழுத்தாளரான ஜஸ்டின் விவரித்திருக்கிறார். இந்தக் காரியத்தில் நேர்மையான கிறிஸ்தவர்கள் வேறுபடுகிறார்கள். நாளைக்குறித்து அவனவன் தன் மனதிலே நிச்சயித்திருக்கட்டும் என்னும் ரோமர் 14:5ஐ நான் இதற்குப் பொருத்திப் பார்க்கிறேன். வேலையாளுக்கும் மிருகஜீவனுக்கும் ஓய்வு கொடுக்கச் சொன்ன பகுதியை மட்டும் எந்த நாளைச் சொல்லியும் தட்டிக்கழிக்க இயலாது.

எண்களில் வரும் சிறிய குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் கட்டளை என்றால் தென்னிந்தியத் திருச்சபையாருக்கு விபசாரம். கத்தோலிக்கருக்கும் லூத்தரன் சபையாருக்கும் களவு. எண்ணும் முறைதான் வேறு, வசனங்கள் அவைகளேதான். கலப்புக் கூட்டங்களில் எண்ணைச் சொல்லாமல் கட்டளையையே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு தவறு, கேட்பதற்கு மிகவும் ஆவிக்குரியதாக இருப்பது: இயேசு அன்பு என்ற ஒரே கட்டளையைக் கொடுத்துவிட்டதால் மற்றவை தேவையில்லை என்பது. அன்பு நியாயப்பிரமாணத்தின் நிறைவேறுதல் என்று ரோமர் 13இல் எழுதும் பவுல், விபசாரம், கொலை, களவு, பொய்ச்சாட்சி, இச்சை என்று கட்டளைகளைப் பெயர் சொல்லியே எழுதுகிறார். பெயர் சொல்லாத அன்பை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம். மாற்கு 7இல் இயேசு எடுத்துக்காட்டுவது இதைத்தான். தகப்பனுக்கும் தாய்க்கும் உதவ வேண்டிய பணத்தைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் மகன் தப்பித்துக்கொள்ளலாம் என்று மூப்பர்களின் பாரம்பரியம் வழிவிட்டிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாயாருக்குக் கண்புரை முற்றி, சோற்றில் கிடக்கும் கறிவேப்பிலையைக்கூட விரலால் தடவித்தான் எடுத்துப்போட வேண்டியிருந்தது. மகன் புதிய ஆலயக் கட்டடத்துக்குப் பொருத்தனை செய்த தொகையை மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் அறுவைச் சிகிச்சையைப் பற்றிக் கேட்டபோது, கட்டட வேலை முடியட்டும், கர்த்தருடைய காரியம் முதலில் என்றார். நான் மாற்கு 7ஐத் திறந்து 10 முதல் 13 வரை அவரையே வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்தபின் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இந்த மாதத் தவணையை நிறுத்தினால் போதகர் என்ன நினைப்பாரோ என்று கேட்டார்.