வாகன நிறுத்தத்துக்குப் பதில் பணம்: பாலோ ஆல்டோ காட்டும் தவறுகள்

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகர மையத்தில் கட்டடம் எழுப்புகிறவர், நகராட்சி கேட்கும் அளவு கார் நிறுத்தும் இடங்களைத் தம் மனைக்குள் காட்ட முடியாவிட்டால், ஓர் இடத்துக்கு இவ்வளவு என்று பணமாகக் கட்டலாம். ஒரு கார் நிற்கவும் உள்ளே வந்து திரும்பவும் சேர்த்து ஏறக்குறைய 300 சதுர அடி போய்விடும் என்பதால், குறுகிய மனைக்காரருக்கு இது நல்ல வழி. ஆனால் இந்த ஏற்பாட்டில் பணம் கட்டுகிறவரும் சறுக்குகிறார், வாங்குகிறவரும் சறுக்குகிறார்.

பணம் கட்டிவிட்டால் அத்தனை இடங்கள் தம் வாடகைதாரருக்கு ஒதுக்கப்படும் என்று நம்புவது கட்டுகிறவர்களின் வழக்கமான தவறு. பணம் பொது நிதிக்குப் போகிறது. அதில் என்றாவது எழும்பும் பொது நிறுத்தகத்தில் முந்தி வந்தவர் காரை விட்டுப் போவார். வாடகை ஒப்பந்தத்தில் ‘பார்க்கிங் உண்டு’ என்று எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

நகராட்சிகள் கோட்டை விடுவது கணக்கில். பலமாடி நிறுத்தகத்தின் செலவை அதிலுள்ள மொத்த இடங்களால் வகுத்துக் கட்டணம் வைக்கிறார்கள். அந்த நிறுத்தகமோ பல நேரம் ஏற்கெனவே கார்கள் நின்றுகொண்டிருந்த திறந்த மனையின் மேல்தான் எழுகிறது. 60 கார்கள் நின்ற மனையில் 200 இடங்கள் கட்டினால், புதிதாகக் கிடைப்பது 140தான். வகுக்க வேண்டியது அந்த 140ஆல். மனை நம்முடையதுதானே என்று நில மதிப்பையும் விட்டுவிடுவார்கள். 1990களில் பாலோ ஆல்டோ ஓர் இடத்துக்கு வாங்கியது 17,848 டாலர். கூடுதலாகக் கிடைத்த ஒவ்வோர் இடத்துக்கும் ஆன செலவு சுமார் 51,000 டாலர் என்று இத்துறையின் பெரிய ஆய்வாளர் டொனால்ட் ஷூப் எடுத்துக்காட்டினார். 2013 வாக்கில் கட்டணம் 60,750 டாலராகிவிட்டது.

அவ்வளவு பெரிய தொகையை ஒரே தவணையில் கேட்பதும் சிறு கடைக்காரரை விரட்டிவிடும். அதே கலிஃபோர்னியாவில் பசடீனா நகரின் பழைய கடைத்தெருப் பகுதியில் ஆண்டுதோறும் சிறு தொகை வாங்கினார்கள். பழைய கட்டடங்கள் இடிபடாமலே புதுக் கடைகள் வந்தன.

இன்னொரு தவறு, பணம் கட்ட வேண்டுமா என்று பார்க்காமலே கட்டுவது. 2023 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில், முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் வரும் பெரும்பாலான திட்டங்களுக்கு நகராட்சிகள் குறைந்தபட்ச வாகன நிறுத்தத்தைக் கட்டாயமாக்க முடியாது. கடமையே இல்லாத இடத்தில் அதற்கு ஈடாகக் கட்டணம் எதற்கு? தங்கும் விடுதி போன்ற விலக்குகள் உண்டு. வரைபடத்தில் தூரத்தை அளந்துவிட்டு வரைவாளரிடம் போவது நல்லது.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு, வாங்கிய பணத்தைத் தூங்க விடுவது. 2013இல் ஒரு கட்டட நிறுவனம் 16 இடங்களுக்காகப் பாலோ ஆல்டோவுக்கு 9,72,000 டாலர் கட்டியது. இப்படி வாங்கும் கட்டணங்களில் செலவாகாமல் கிடக்கும் பணத்துக்கு மாநிலச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்கிறது: எதற்காக இந்தப் பணம், மீதிச் செலவுக்கு நிதி எங்கிருந்து வரும், எப்போது வரும் என்று எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யத் தவறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நகராட்சி உரிய காலத்தில் அதைச் செய்யவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு நிறுவனம் வழக்குப் போட்டது. இந்தக் கட்டணத்துக்கு அந்த விதி பொருந்தாது என்ற நகராட்சியின் வாதம் கீழ் நீதிமன்றத்தில் எடுபட்டது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு நிறுவனத்தின் பக்கம் நின்றது. சில பக்கத் தீர்மானம் ஒன்றை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தால் போதும், கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் கைவிட்டுப் போயிருக்காது.

இங்கே கட்டுகிறவருக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. சட்டப்படி அந்தப் பணம் திரும்பிப் போவது கட்டியவருக்கு அல்ல, அந்த நேரத்தில் பத்திரப்படி உரிமையாளராக இருப்பவருக்கு. இடையில் கட்டடத்தை விற்கிறவர், இந்தத் தொகை யாரைச் சேரும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.