ஏர் அயனைசர் வாங்கும் முன் இதைப் படிச்சுடுங்க

பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீடுகளில் பஞ்சுத் தூசி படிவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காலையில் துடைத்த டிவி மேல் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம். அதற்காக, காற்றைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற அயனைசர் மெஷினை வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் ஊசிமுனையில் உயர் மின்னழுத்தம் பாய்ந்து எதிர்மின் அயனிகள் வெளியே வரும், அவை மிதக்கிற தூசியில் ஒட்டி அதற்கு மின்னேற்றம் கொடுக்கும், அந்தத் தூசி பக்கத்துச் சுவர், திரைச்சீலை, மெத்தை என்று போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். தூசி வீட்டை விட்டுப் போகவில்லை, பெட்ஷீட்டை உதறினால் திரும்பக் காற்றில்தான். மெஷின் வைத்த இடத்துச் சுவர் கறுப்பதும் இதனால்தான். பெயிண்ட் வாடை, கேஸ் இதையெல்லாம் அது எடுக்காது.

இதைவிட எனக்குக் கவலை ஓசோன். பல அயனைசர்கள் கொஞ்சமாவது ஓசோனை வெளிவிடும், அது நுரையீரலை எரிச்சலாக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ வயசான அப்புச்சி, அம்மச்சியோ இருந்தால் தயவுசெய்து வேண்டாங்க.

அதற்குப் பதிலா ஹெப்பா ஃபில்டர் வைத்த பியூரிஃபையர் பாருங்கள், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை ஃபில்டரிலேயே பிடித்துவிடும். அதிலும் சிலவற்றில் அயனைசர் பட்டன் இருக்கும், தனியாக அணைக்க முடியுமா என்று கடையிலேயே கேளுங்கள். அப்புறம் தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தாலே பஞ்சு பாதி அடங்கிவிடும்.