ஒட்சிசன் எங்கே போகிறது? கலச்சுவாச விடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். கலம் ஒட்சிசனைக் கொண்டு குளுக்கோசை உடைத்துச் சக்தி பெறும் கலச்சுவாசம் பற்றிக் கடந்த வாரம் திருத்திய விடைத்தாள்களில், நான் மாணவனாக இருந்தபோது விட்ட பிழைகள் ஏறக்குறைய அதே சொற்களில் வந்திருந்தன. தாவரங்கள் பகலில் சுவாசிப்பதில்லை என்பது போன்ற பிழைகளை ஒருமுறை திருத்தினாலே போதும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உள்ளெடுத்த ஒட்சிசனே காபனீரொட்சைட்டாக வெளிவருகிறது என எழுதுதல்

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அமைப்புக் கட்டுரை வினா ஒன்றில் இதையே எழுதி, அப்பகுதிக்குரிய புள்ளிகள் அனைத்தையும் இழந்தவன் நான். ஒரு பக்கம் ஆறு ஒட்சிசன், மறுபக்கம் ஆறு காபனீரொட்சைட்டு என நிற்கும் சுருக்கச் சமன்பாட்டை, விறகு எரிவதை மனத்தில் வைத்து வாசிப்பதால் வரும் வினை இது. உண்மையில், குளுக்கோசு உடைந்து உருவாகும் பைரூவேற்று அசற்றைல் துணைநொதியம் ஏ ஆக மாறும்போதும், அதை அடுத்து வரும் தாக்கத் தொடரான கிரெப்ஸ் வட்டத்திலும் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அவ்விரு இடங்களிலும் ஒட்சிசன் வாயு நேரடியாகப் பங்குகொள்வதே இல்லை. அது கலத்தின் சக்தி நிலையமான இழைமணியின் உள்மென்சவ்வில், இலத்திரன்களைக் கைமாற்றும் புரதங்களின் தொடரான இலத்திரன் கடத்தற் சங்கிலியின் கடைசியில் நின்று, இலத்திரன்களையும் ஐதரசன் அயன்களையும் ஏற்று நீராகிறது. மொத்தக் கணக்கில், ஆறு ஒட்சிசன் மூலக்கூறுகளின் 12 அணுக்களும் நீருக்கே செல்ல, காபனீரொட்சைட்டிலுள்ள 12 அணுக்களில் 6 குளுக்கோசிலிருந்தும் 6 நீரிலிருந்தும் வருகின்றன.

நம்பாதவர்களுக்கு அப்ப மாவைக் காட்டுவேன். இரவில் ஈஸ்ட் சேர்த்து மூடிவைத்த மா, விடியும்போது சட்டியின் விளிம்புவரை பொங்கிக் குமிழியிட்டு நிற்கும். மாவுக்குள் இருந்த ஒட்சிசன் விரைவில் தீர்ந்துபோக, அதன்பின்னும் ஈஸ்ட் நொதித்தல் மூலம் காபனீரொட்சைட்டை வெளிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு ஒட்சிசன் அணுக்கள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும்.

குளுக்கோசை இழைமணிக்குள் அனுப்புதல்

உட்செல்வது பைரூவேற்று, குளுக்கோசின் அம்புக்குறியை இழைமணிக்கு வெளியே உள்ள குழியவுருவிலேயே நிறுத்துங்கள்.

நொதித்தல் எல்லாம் காபனீரொட்சைட்டைத் தரும் என எண்ணுதல்

ஈஸ்ட் தரும்; இலற்றிக்கமில நொதித்தல் நிகழும் தசை தராது.

ஏ.ரீ.பீ.யைச் சேமிப்பு என்றல்

ஏ.ரீ.பீ. (ATP) என்பது கலம் தன் வேலைகளுக்கு உடனுக்குடன் செலவிடும் சக்தி மூலக்கூறு; அது கையில் புழங்கும் சில்லறை. உடலின் சேமிப்பு கிளைக்கோசனும் கொழுப்புமே.

38 ஏ.ரீ.பீ. என்ற எண்

பழைய குறிப்புப் புத்தகங்களில் இருந்து இது இன்னும் கைமாறி வருகிறது. இன்றைய கணிப்பு, ஒரு குளுக்கோசுக்கு ஏறத்தாழ 30 அல்லது 32. குளுக்கோசு பைரூவேற்றாக உடையும் கிளைக்கோப்பகுப்பில் கிடைத்த இலத்திரன்கள் எவ்வழியாக இழைமணியை அடைகின்றன என்பதைப் பொறுத்து இவற்றுள் ஒன்று அமையும்.