வல்லாரைக்கு நிழல் கட்டும்போது நடக்கும் தவறுகள்

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தம்பியின் வல்லாரைப் பாத்திகளைப் பார்க்கப் போயிருந்தேன். எட்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே மாதிரி தென்னைக்கு நடுவில். தண்ணீர் தேங்கவிடாதே, களை எடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நிழலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நிழலுக்கு மேல் நிழல்

வல்லாரை அரை நிழலில் நன்றாக வரும், சரி. அதற்காகத் தென்னைக்கு அடியில் 75 சதவீத நிழல்வலையும் கட்டலாமா? நெருங்கிய தென்னை ஓலையே பாதி வெயிலைத் தடுத்துவிடும். மீதிப் பாதியில் கால்பங்கைத்தான் வலை உள்ளே விடும். பாதியில் கால் என்றால் அரைக்கால். உச்சி வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றால் செடிக்குச் சேர்வது 12,500. ஐப்பசி அடைமழையில் வெட்டவெளியிலேயே 10,000 லக்ஸ்தான் இருக்கும் நாட்கள் உண்டு. அன்றைக்கு வலைக்குள் என்ன மிஞ்சும்?

எனக்கு இன்னும் ஆறாதது, இலை நம்மை ஏமாற்றுவது. வெளிச்சம் குறைந்தால் செடி இலையை அகலமாக, மெல்லிசாக விரிக்கும், பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும், காம்பை நீட்டும். பார்க்கக் கரும்பச்சையாகச் செழிப்பாகத் தெரியும். உள்ளே ஒளிச்சேர்க்கை குறைந்து, மாவுப்பொருள் சேராமல், தண்ணீர்தான் அதிகம் இருக்கும். அந்த நிறத்தை நம்பி நான் ஒரு பருவத்தையே விட்டேன். உலர்த்தி எடை போட்டபோது, திறந்த பாத்தியில் 10 கிலோ பச்சை இலைக்கு ஒன்றரைக் கிலோ கிடைத்தது. வலைக்குள் ஒரு கிலோகூடத் தேறவில்லை. வலை, கம்பி, கூலி எல்லாம் கைக்காசு.

தம்பி நீண்ட காம்பைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று யூரியாவும் போட்டிருந்தார். வெளிச்சத்துக்கு ஏங்கும் செடிக்கு அது உதவாது, இலை இன்னும் நீர்த்துப்போகும்.

வலை கட்டும் முன் இரண்டு பாத்திக்கு மட்டும் போட்டு, இரு பக்கமும் ஒரு கிலோ இலை பறித்து, காயவைத்து நிறுத்துப் பாருங்கள். தென்னந்தோப்பில் பெரும்பாலும் வலையே தேவைப்படாது.

பச்சை நிற வலை

கறுப்பு வாங்குங்கள்.

தூசி படிந்த வலை

75 என்று வாங்கியது அப்புறம் 85 ஆகிவிடும். மாதம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

ஒரே நாளில் வலையை அவிழ்ப்பது

நிழலில் வளர்ந்த மெல்லிலை சித்திரை வெயிலைத் தாங்காது, இரண்டே நாளில் வெளுத்துக் கருகும். மேகமூட்டமான நாளில் தொடங்குங்கள். முதலில் காலை வெயில் மட்டும் படட்டும், பத்து நாளில் முழுதாக எடுத்துவிடலாம். இதைத் தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன், மறுநாள் மதியமே அவிழ்த்துவிட்டார்.